‘ஜேர்மனியிற் செய்தது’: ஒரு கைத்தொழில் எழுச்சியின் வரலாறு

ஒரு நாட்டின் பண்டங்கள் உலகச் சந்தைகளை நிறைக்கத் தொடங்குங்கால், பழைய வணிக நாடுகள் அவற்றை மலிவானவை, மட்டமானவை என்று இகழ்தல் வழக்கம். அவ்விகழ்ச்சி சிலகாலம் உண்மையாயிருத்தலுங் கூடும். ஆனால், அவ்வாறு இகழப்பட்ட நாடு பின்னர்த் தரத்திலும் மேம்பட்டு, முன்னோடியையே விஞ்சுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண 1871 முதல் 1914 வரையுள்ள ஜேர்மனியின் வரலாறு பெரிதுந் துணைபுரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கைத்தொழிற் புரட்சியின் தாயகமாகிய பிரித்தானியாவுக்கு நிகரான நாடு வேறொன்றில்லை. ஜேர்மனியோ பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. 1834இல் தொடங்கிய சுங்க ஒன்றியம் அவற்றுட் பலவற்றை ஒரே சந்தையாக்கியது; இருப்புப்பாதைகள் அச்சந்தையைப் பிணைத்தன; 1871இல் அரசியல் ஒற்றுமையுங் கைகூடியது. எனினும், 1876இல் அமெரிக்காவின் பிலதெல்பியா நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் ஜேர்மனியப் பண்டங்கள் நற்பெயர் பெறவில்லை. அங்கு அந்நாட்டின் சார்பிற் சென்ற பொறியியல் அறிஞர் பிரான்சு றூலோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவும் மட்டமுமானவை என வெளிப்படையாகவே எழுதினார்.

பிரித்தானியரின் குறைபாடும் அதுவே. செபீல்டு நகரின் பெயர் பொறித்த கத்திகள் ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்திறங்குவதாக அவர்கள் முறையிட்டனர். அதன் பயனாக 1887இல் வணிகக் குறிச் சட்டம் நிறைவேறியது. பிரித்தானியப் பெயரோ குறியோ தாங்கிவரும் பிறநாட்டுப் பண்டங்கள், தாம் பிறந்த நாட்டையுங் காட்டுதல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. ‘ஜேர்மனியிற் செய்தது’ என்னும் முத்திரை இழிவின் அடையாளமாகும் என எதிர்பார்த்தனர் போலும். ஆனால், நாளடைவில் அதுவே தரத்தின் சான்றாயிற்று. 1896இல் எட்வின் வில்லியம்சு என்பார் இம்முத்திரையையே தலைப்பாகக் கொண்ட நூலொன்றை எழுதி, ஆங்கிலேயர் இல்லங்களிலெல்லாம் ஜேர்மனியப் பொருள்கள் நிறைந்திருத்தலை எடுத்துக்காட்டி எச்சரித்தார்.

இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் உருக்கின் வரலாறு குறிப்பிடத்தக்கது. பொசுபரசு கலந்த இரும்புத்தாதிலிருந்து நல்லுருக்கு ஆக்கும் முறையை 1870களின் இறுதியிற் கண்டவர்கள் கில்கிறிசுற்று தோமசு என்னும் ஆங்கில நீதிமன்ற எழுதுவினைஞரும், அவருடைய உறவினரான ஓர் இரசாயனருமேயாவர். அம்முறையாற் பெரும்பயன் கொண்டதோ ஜேர்மனி. 1871இல் அது கைப்பற்றிய லொறெயின் பகுதியின் தாது இத்தகையதே. 1913இல் ஜேர்மனி ஏறத்தாழ 1 கோடி 76 இலட்சம் தொன் உருக்கை ஆக்க, பிரித்தானியா 77 இலட்சம் தொன்னளவே ஆக்கியது.

சாயத்தின் கதையும் இவ்வாறே. 1856இல் இலண்டனிற் பதினெட்டு வயது மாணவராயிருந்த வில்லியம் பேர்க்கின், கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது, ஊதா நிறச் சாயமொன்றைக் கண்டார். அவருடைய ஆசிரியர் ஒவ்மன் ஜேர்மனியர். அவர் 1865இல் தாயகம் மீண்டார். அங்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடமுந் தொழிற்சாலையும் கைகோத்து நின்றன. சாயக் கம்பனிகள் பட்டம் பெற்ற இரசாயனரைப் பெருந்தொகையாக அமர்த்தி, ஆராய்ச்சியையே அன்றாடத் தொழிலாக்கின. 1899இல் பிரசியாவின் தொழினுட்பக் கல்லூரிகள் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றன. பிரித்தானியத் தொழிலதிபரோ அனுபவமே போதுமென்றெண்ணிக் கற்ற இரசாயனரை அமர்த்தத் தயங்கினர். 1914இற்கு முன் உலகின் செயற்கைச் சாயத்திற் பெரும்பகுதி ஜேர்மனியிலிருந்தே வந்தது.

இவ்வெற்றியின் விலையைச் செலுத்தியோரையும் நாம் மறத்தலாகாது. செயற்கை அவுரிச் சாயத்தை 1897இல் ஜேர்மனியக் கம்பனியொன்று சந்தைக்கு விட்டது. இந்தியாவின் அவுரி வாணிகம் விரைவில் வீழ்ந்தது. பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில், நிலத்தின் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிடுமாறு உழவர் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தனர். சாயம் விலைபோகாதவிடத்து, ஐரோப்பியத் தோட்டத்துரைமார் அக்கட்டாயத்தைத் தளர்த்துவதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தித் தம் நட்டத்தை உழவர் தலையிற் சுமத்தினர். 1917இற் காந்தியடிகள் அங்குச் சென்று விசாரித்த குறைகளுள் இதுவும் ஒன்று. றைன் நதிக்கரை ஆய்வுகூடத்திற் பிறந்த பொருளொன்று, அதன் பெயரையும் அறியாத ஏழை உழவனின் அடுப்பை அணைத்தது.

பிரித்தானியா முற்றாக வீழ்ந்துவிட்டதெனக் கொள்ளுதலும் பிழை. கப்பற்றொழிலிலும் பருத்தித் துணி ஏற்றுமதியிலும் 1914 வரை அதுவே முதன்மை வகித்தது. ஆயினும், போர் மூண்டவுடன் சாயத்திற்குப் பகைநாட்டையே நம்பியிருந்தமை புலனாயிற்று. துணியாலைகள் சாயமின்றித் தவித்தன. 1915இல் அரசாங்கமே பொருளுதவி செய்து சாயக் கம்பனியொன்றை அமைக்க நேர்ந்தது.

2009இல் சீனா, அதுவரை முதலிடம் வகித்த ஜேர்மனியை விஞ்சி, உலகின் மிகப்பெரிய பண்ட ஏற்றுமதி நாடாயிற்று. சீனப் பண்டங்களையும் மலிவென்றும் மட்டமென்றும் உலகம் இகழ்ந்ததுண்டு. ஈரரசுகளின் நிலையும் ஒன்றன்று. எனினும், ஜேர்மனியின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. மலிவு சந்தையின் வாயிலைத் திறக்கும். அங்கு நிலைபெறச் செய்வது கல்வியே. கண்டுபிடிப்பு எந்நாட்டிலும் பிறக்கலாம். அதனைப் போற்றி வளர்க்கும் வகுப்பறையும் தொழிற்சாலையும் எங்கு ஒன்றுபடுகின்றனவோ, அங்கேயே அதன் பயன் தங்கும்.