கடனும் பிள்ளைப் பருவமும்: இச்சியோவின் ‘தக்கேகுராபே’ பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இளம்பருவக் காதலையும் பிரிவையும் பேசும் யப்பானியப் புனைகதைகளுள் ஹிகுச்சி இச்சியோவின் (1872-1896) ‘தக்கேகுராபே’ முதன்மையானது. 1895 சனவரி முதல் 1896 சனவரி வரை ‘புங்ககுகாய்’ சஞ்சிகையில் தொடராக வந்த இக்குறுநாவலை, பிள்ளைப் பருவம் கழிவதன் இயல்பான சோகமாகக் கொள்வது விமரிசகர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆயின், நாயகி மிதோரியின் பிள்ளைப் பருவத்தை முடித்து வைப்பது வயது அன்று, கடனே.

இச்சியோ பிறந்த 1872இலேயே மெய்ஜி அரசு பரத்தையர் விடுதலை ஆணையைப் பிறப்பித்தது. சீனக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘மரியா லூஸ்’ என்னும் பெரு நாட்டுக் கப்பல் தொடர்பாக யொக்கோகாமாவில் நடந்த வழக்கில், யப்பானியர் தம் பெண்களையே விற்கின்றனரே என எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துக்காட்டியமை இவ்வாணையைத் துரிதப்படுத்திற்று. ஆள் விற்பனை தடைசெய்யப்பட்டது. முற்பணக் கடன்கள் இல்லாதொழிக்கப்பட்டன. மறு ஆண்டே விடுதிகள் ‘வாடகை அறைகள்’ எனப் பெயர் மாறின. பெண், தன் விருப்பின்பேரில் அனுமதிப்பத்திரம் பெற்றுத் தொழில் செய்பவளானாள். குடும்பத்தவர் பெறும் முற்பணம் மட்டும் புதிய கடனாய்த் தொடர்ந்தது. நிலமானிய அடிமைத்தனம் முதலாளித்துவ ஒப்பந்தத்தின் ஆடையை அணிந்துகொண்டது எனலாம்.

இதனை இச்சியோ ஏட்டிற் கற்றவரல்லர். 1889இல் தந்தை இறந்தபின் வறுமையும் கடனும் அவரைத் தொடர்ந்தன. 1893-94இல் ஏறத்தாழப் பத்து மாதங்கள், தோக்கியோவின் பரத்தையர் பகுதியான யோஷிவாராவை அடுத்துச் சில்லறைச் சாமானும் இனிப்பும் விற்கும் சிறுகடை நடத்தினார். (அவரது உருவத்தை யப்பானிய அரசு 2004இல் 5,000 யென் தாளிற் பொறித்தது!) அக்கடை வாசலிற் கண்ட சிறுவரே நாவலில் நடமாடுகின்றனர் எனக் கொள்வதில் தவறில்லை.

நாவலில் எவரும் யோஷிவாராவின் பணத்துக்கு வெளியே இல்லை. மிதோரியின் அக்காள் அங்கு புகழ்பெற்ற பரத்தை. அவள் விற்கப்பட்டதையொட்டியே குடும்பம் கீயி மாகாணத்திலிருந்து அங்கு குடிவந்தது. பள்ளித் தோழியர்க்கு மிதோரி ரப்பர் பந்துகள் வாங்கிக் கொடுப்பதும் அப்பணத்திலேயே. ஷோத்தா வட்டிக்குக் கொடுப்பவளின் பேரன். மிதோரியின் மனத்தைக் கவர்ந்த நொபு, பௌத்த குருவின் மகன். அக்குருவோ திருவிழாக் கூட்டத்தில் மனைவியைக் கொண்டு கொண்டையூசி விற்பிப்பவர். மழையில் செருப்பு வார் அறுந்து நிற்கும் நொபுவுக்கு மிதோரி எறியும் சிவப்புப் பட்டுத் துண்டு எடுப்பாரின்றி நனைகிறது. அதனை வெறும் கூச்சமென விளக்குவது போதாது. அவன் மடத்துக்கும் அவள் விடுதிக்கும் முன்னரே ஒதுக்கப்பட்டவர்கள்.

நாவலின் பெயருக்கு ‘உயரம் ஒப்பிடல்’ என்பது பொருள். ‘இசே மொனொகத்தாரி’ என்னும் பழைய நூலில் கிணற்றடியில் உயரம் அளந்து விளையாடிய சிறுவனும் சிறுமியும் வளர்ந்து மணந்துகொள்வர். இச்சியோ அம்மரபை நினைவூட்டிவிட்டு மறுக்கிறார்.

இறுதியில், திருவிழா நாளொன்றில் வளர்ந்த பெண்ணின் கொண்டையுடன் தோன்றும் மிதோரி திடீரென ஒடுங்கிப்போகிறாள். பூப்பெய்தியதே காரணம் என்பது நெடுங்காலக் கருத்து. 1985இல் சதா இனெகோ இதனை மறுத்து, அவள் முதல் வாடிக்கையாளனுக்கு விற்கப்பட்டாள் என வாதிட்டார். மயேதா அய் பழைய கருத்தை ஆதரித்து எழுதினார். நாவல் ஐயத்துக்கிடமின்றி எதையும் கூறவில்லை. எனினும், சிறு வயதிலேயே மிட்டாய்த் தொழிற்சாலையில் உழைத்து, பின் பாட்டாளி இலக்கிய இயக்கத்தில் எழுத்தாளராக உருவான சதாவின் கண்ணுக்கே அவ்வினா முதலிற் புலப்பட்டது தற்செயலன்று.