எழுத்தால் உரையாடிய வகுப்பு

கல்லூரி எழுத்துப் பயிற்சியில் கணிப்பொறி புகுந்த வரலாற்றை நாம் காது கேளாதோரிடமிருந்து தொடங்க விரும்புகிறோம். அவர்களுக்கென அமைந்த வாஷிங்டன் கேலடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டிரெண்ட் பேட்சன், 1985இல் வகுப்பறைக் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்தார். அம்மாணவர் தமக்குள் சைகையால் பேசினர். ஆங்கிலமோ அவர்களுக்குத் திருத்தப்படுவதற்கென்றே தாளில் எழுதித்தரும் பொருளாயிருந்தது. இப்போது ஒருவர் தட்டெழுதியது உடனே அவர் பெயருடன் அனைவர் திரையிலும் தோன்றியது. மறுக்கவும், குறுக்கிடவும், நகையாடவும் அவர்களுக்கு ஆங்கிலம் பயன்பட்டது. பின்னர் டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்றவை, செவித்திறனுடையோர் வகுப்புகளிலும் இத்தகைய முறையைக் கையாண்டன. வாய் திறவாத மாணவர் எழுத்தில் மிகுதியாய்ப் பேசினர். ஆசிரியர் பேச்சு சுருங்கியது. கடுஞ்சொற்களும் பெருகின என்பதை மறைத்தலாகாது.

சங்கரன்கோவில் வட்டாரச் சபைகளுக்கு இச்செய்தி அந்நியமன்று. 2019 வரை இவ்வூர் சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தில், பாளையங்கோட்டையிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாதோருக்குப் பள்ளி கண்டார்.

தமிழில் அத்தகைய வகுப்பு நடத்த நெடுங்காலம் தடையிருந்தது. எழுத்துருவுக்கு ஒரு குறியீடு வழங்கியமையால், ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தெரியும். 1991இல் யூனிக்கோடு தமிழுக்கு இடமளித்தது; 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று; 2010இல் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்றது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் சிற்றூர் மாணவர் கைக்கும் கருவியைக் கொணர்ந்தது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் அடைபட்டபோது, கருவியினும் இணைப்பே அரிதாயிற்று. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு வழங்கும் அட்டைகளை ஏறத்தாழ 9.69 லட்சம் மாணவருக்கு அரசு அறிவித்தது. எனினும் கைப்பேசி ஒன்றேயுள்ள நெசவாளர் இல்லத்தில், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேளையில் வகுப்பு வந்தால் யார் விட்டுக்கொடுத்திருப்பர் என்பதை ஆயர்கள் நன்கறிவர்.

நம்மை உறுத்துவது வேறொன்று. பேட்சன் வகுப்பில் கணிப்பொறி மாணவரைப் பேசவைத்தது. நம் இணையவழி வகுப்புகள் பலவற்றில், இறையியல் வகுப்புகள் உட்பட, ஆசிரியரே பேசினார். மாணவரின் ஒலிவாங்கிகள் அடைக்கப்பட்டிருந்தன. வினா எழுப்ப வாய்ப்பிருந்த எழுத்துப் பகுதியில் பெரும்பாலும் காணப்பட்டவை, வருகைப் பதிவுக்கான பெயர்களே. ஆண்டிறுதித் தேர்வையோ பலர் தாளில் கையால் எழுதி, பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து அனுப்பினர்.