வக்ஃபுக் கடைகளும் செப்பனிடும் காலமும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை கடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். நீர் வடிந்து சில வாரங்கள் கழித்து, நம்மாழ்வார் பிறந்த பதியாகிய ஆழ்வார்திருநகரி வழியே செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கடைத்தெருச் சுவர்களில் வெள்ளம் ஏறிய மட்டம் கோடாகத் தெரிந்தது. அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளிவாசலுக்கு வக்ஃபாக உள்ள சில கடைகளைப் பார்க்குமாறு நம்மை அழைத்துச் சென்றார்கள்.

கடைகள் பழையவை, சுண்ணாம்புக் காரைச் சுவர், மரம் பாவிய மட்டப்பா. சுவர் ஈரம் உலரவில்லை, உத்திரம் ஒன்று உளுத்திருந்தது. அந்த உளுப்பு ஒரு நாள் வெள்ளத்தால் வந்ததன்று. பல ஆண்டுக் கசிவின் விளைவு. “வாடகையை உயர்த்தித் தரட்டும், பழுது பார்க்கிறோம்” என்றார் முதவல்லி. “பழுது பார்க்கட்டும், உயர்த்தித் தருகிறோம்” என்றனர் கடைக்காரர்கள். இருவரும் நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: யார் முந்த வேண்டும்? எப்போது?

இக்கேள்வி புதியதன்று. வக்ஃபின் வரலாறு முழுவதிலும் ஓடிவரும் கேள்வி இது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தபோது, மூலம் விற்கப்படாமல் நிற்க, விளைச்சல் மட்டுமே அறத்திற்குச் செல்லும் என்னும் முறை நிலைபெற்றது. மூலம் நிற்க வேண்டுமாயின் அதனைப் பேண வேண்டும் என்பது இதன் இயல்பான விளைவு. ஆகவே ஹனஃபி சட்ட அறிஞர்கள், வக்ஃபு வருவாயின் முதற்செலவு அதன் ‘இமாரத்’, அதாவது செப்பனிடுதலே என்று வகுத்தனர். வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை விதிக்காவிடினும் இதுவே சட்டம். ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் தமது ‘ஹிதாயா’வில் இதனை விளக்குகிறார்கள். இடிந்த கட்டடத்தின் மரமும் கல்லும் கூடப் பயனாளிகளுக்குப் பங்கிடப்படா. இப்போது தேவையெனில் பழுதுக்குப் பயன்பட வேண்டும், இல்லையெனில் தேவைப்படும் நாளுக்காகச் சேமிக்கப்பட வேண்டும்.

ஆனால் இதே அறிஞர்கள் ஓர் எல்லையும் இட்டனர். வக்ஃபு செய்யப்பட்ட நாளில் கட்டடம் எந்நிலையில் இருந்ததோ அந்நிலையில் நிறுத்துவதே கட்டாயச் செலவு. அதற்கு மேற்பட்ட விரிவும் அழகும் பயனாளிகளின் பங்கிலிருந்து எடுக்கப்படுவதால், அவர்களின் இசைவின்றி அவற்றைச் செய்தல் ஆகாது. உளுத்த உத்திரத்தை மாற்றுவது முதல்வகை; முகப்பில் பளிங்கு பதிப்பது இரண்டாம் வகை. முன்னதற்குக் காத்திருத்தல் கூடாது. பின்னதற்குக் காத்திருத்தலே முறை.

நம் கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபு இதே பொருளை வாடகைதாரரின் பக்கம் நின்று பார்க்கிறது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ தரும் சட்டத்தின்படி, வாடகைக்கு விட்ட வீட்டைச் செப்பனிடுவது விட்டவரின் பொறுப்பு. அவர் விரைந்து சரிசெய்தால் ஒப்பந்தம் தொடரும். இல்லையேல் அதனை முறித்துக்கொள்ளும் உரிமை, அதாவது ‘கியார்’, வாடகைதாரருக்கு உண்டு.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், இதற்கு வெகு அருகில் வருகிறது. தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ சொத்தின் முக்கியப் பகுதி முற்றிலும் அழிந்தால், அல்லது நிரந்தரமாகப் பயனற்றுப் போனால், குத்தகையை முறிக்கும் விருப்புரிமை குத்தகைதாரருக்கு உண்டு. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்புக்குப் பின்னும் செய்யாவிடில், குத்தகைதாரரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. பழுதுக்காகக் கடையைக் காலி செய்யக் கோரும் உரிமையாளர், வேலை முடிந்ததும் பழைய வாடகைதாரருக்கே, பொதுவாக மூன்று மாதங்களுக்குள், அதனைத் திரும்பத் தருவதாக உறுதி அளிக்க வேண்டும். எனினும், சமய அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கு இச்சட்டத்திலிருந்து அரசு விலக்கு அளித்தது. கோயில், தேவாலயம், வக்ஃபு ஆகியவற்றின் வாடகை சந்தை மதிப்பை விட மிகத் தாழ்ந்து கிடந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எஸ். கந்தசாமி செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை ஏற்றது. பின்னர், 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

விலக்கு கிடைத்ததால் வாடகையை உயர்த்தும் வழி திறந்தது. பழுது பார்க்கும் கடமை நீங்கவில்லை. இதனை மறந்த நிர்வாகங்கள் உண்டு. கடைக்காரரை வெளியேற்றுவதற்காகவே கூரையை ஒழுகவிட்ட நிகழ்வுகளையும் நாம் அறிவோம். அது கடைக்காரருக்கு மட்டும் இழைக்கும் அநீதியன்று, வக்ஃபுக்கே இழைக்கும் அநீதி.

தாமதத்தின் விலை எத்தகையது என்பதை உஸ்மானியர் காலம் காட்டுகிறது. இஸ்தான்புல் நகரில் தீ விபத்துகள் அடுத்தடுத்து நேர்ந்து, வக்ஃபுக் கட்டடங்கள் பாழ்பட்டன. எடுத்துக்கட்டக் கையில் பணமில்லை. அப்போது பரவிய முறையே ‘இஜாரத்தைன்’, இரட்டை வாடகை. வாடகைதாரர் ஏறத்தாழச் சொத்தின் மதிப்பளவு தொகையை முன்னதாகத் தருவார்; அதைக்கொண்டு கட்டடம் எழும். அதன்பின் அவர் தருவது பெயரளவு வாடகையே. அவ்வுரிமை அவர் வாரிசுகளுக்கும் சென்றது. எகிப்தில் இதையொத்த ‘குலூவ்’ வழக்கிற்கு, 16-ஆம் நூற்றாண்டு மாலிகி அறிஞர் நாஸிருத்தீன் அல்லக்கானீ (ரஹ்) ஒப்புதல் ஃபத்வா வழங்கினார். நம் கடைத்தெருக்களின் ‘பகடி’ முறையை அறிந்தோர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. கட்டடம் நின்றது, ஆனால் பலனில் பெரும்பகுதி கைமாறியது.

இதனை அஞ்சியே பிற்கால ஹனஃபி அறிஞர்கள், கடையும் வீடும் ஓராண்டுக்கு மேல், நிலம் மூன்றாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடப்படலாகாது என்றனர். நெடுநாள் அனுபவம் உரிமைக் கோரிக்கையாகிவிடும் என்பது அவர்களின் கவலை. நம் நாட்டின் 1995-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டமும் தொடக்கத்தில் மூன்றாண்டு எல்லையே வைத்திருந்தது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கு 30 ஆண்டு வரை குத்தகைக்கு வழிவிட்டது. முதலீடு வரவேண்டும் என்பது இதன் நோக்கம். ஆயின் முன்னோரின் அச்சமும் மறக்கத்தக்கதன்று.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து அச்சிற்றூராரிடம் நாம் கூறியது இதுவே. உத்திரமும் கூரையும் உடனே. வாடகைப் பேச்சு முடியும்வரை அதற்குத் தவணை இல்லை. சுவர்ப் பூச்சு, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின். ஈரச்சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். புதிய முகப்பும் மாடியும், குத்தகை புதுப்பிக்கும் வேளையில், வரும் வாடகை அச்செலவைத் தாங்குமா என்று கணக்கிட்ட பின். கடைக்காரர் வெளியேற நேர்ந்தால், திரும்ப வரும் நாளை எழுத்தில் தருக. செப்பனிட்ட கடைக்கு, அக்கம்பக்கத்தில் நிலவும் நியாயமான வாடகையைக் கேட்பது முதவல்லியின் கடமை. தருவது கடைக்காரரின் கடமை.

“யார் முந்த வேண்டும்” என்பதற்கு முதவல்லி என்பதே விடை. அவர் உரிமையாளர் அல்லர், அமானிதம் காப்பவர். வாடகை நிலுவையைப் பின்னரும் வசூலிக்கலாம். விழுந்த உத்திரத்தையும், அதன் கீழ் நின்றவரையும் எவ்வாறு மீட்பது?