சம்பளப் பட்டியலில் ஒரு 300 ரூபாய்

பிப்ரவரி மாதச் சம்பளப் பட்டியலைப் பார்த்த தங்கமணிக்கு ஒரு சந்தேகம். "மாசாமாசம் தொழில்வரி 200 ரூபாய்தானே பிடிப்பாங்க, இந்த மாசம் மட்டும் ஏன் 300?"

பி.காம். படித்தவனாச்சே, உடனே பதில் சொன்னேன். அரசியல் சட்டப்படி தொழில்வரியின் உச்சவரம்பு வருடத்துக்கு 2,500 ரூபாய். பதினோரு மாதம் 200, பிப்ரவரியில் 300. கணக்கு நேர்.

"சரி, அந்தப் பணம் எங்கே போகுது?"

இங்கேதான் முழித்தேன். நம்மூரில் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடித்து மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போகும். மகாராஷ்டிராவில் இத்தனை வருடமாகக் கட்டுகிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் கிளையின் கடைநிலை ஊழியரைக் கேட்டேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். எல்லோருக்கும் அவர் 'காகா'. "சாகேப், அது ரோஹயோ பணம்" என்றார். ரோஹயோ என்றால் ரோஜ்கார் ஹமி யோஜனா, வேலை உறுதித் திட்டம்.

காகாவுக்கு சோலாப்பூர் பக்கம் ஒரு வறண்ட கிராமம். 1972-ல் மழை பொய்த்தபோது அவருக்கு ஏழெட்டு வயது. 1973 மே மாதம் மாநிலம் முழுக்க நிவாரண வேலைகளில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி அவருடைய ஆயி, அதாவது அம்மா. சாலைக்குக் கல் உடைத்தாளாம். இவர் தண்ணீர் சுமந்திருக்கிறார். "அந்தக் கூலி இல்லேன்னா ஊரைவிட்டே போயிருப்போம்" என்றார்.

யோசனை பஞ்சத்துக்கும் முந்தியது. மாநில மேலவைத் தலைவராக இருந்த வி.ச. பாகே, 1965-ல் சாங்லி மாவட்டம் தாஸ்காவ் பகுதியில் இதை முயன்று பார்த்தார். நிவாரணம் என்பது அரசு மனம் இரங்கித் தருவது. பாகே சொன்னது வேறு: 'மாகேல் த்யாலா காம்', கேட்டவருக்கு வேலை.

பணத்துக்கு எங்கே போவது? 1975-ல் தொழில்வரிச் சட்டம் வந்தது. நகரத்துச் சம்பளக்காரரிடம் வசூலித்து, அதற்குச் சமமான தொகையை அரசும் போட்டு, வறண்ட கிராமங்களின் வேலைக்கு என்று தனி நிதி. பம்பாய்க்காரர்கள் இதற்குப் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. கிராமத்தான் கிராமத்திலேயே இருந்தால் நடைபாதையில் கூட்டம் குறையுமே! நிலம் வைத்திருந்தவருக்கோ கிணறும் வரப்பும் சாலையும் லாபம். தர்மமும் சுயநலமும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்ட திட்டம் என்பேன்.

1977-ல் சட்டம் நிறைவேறி, 1979 ஜனவரி 26 முதல் அமலானது. வேலை கேட்டு 15 நாளில் கிடைக்காவிட்டால் படி தர வேண்டும். வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பு கிடையாது. 2005-ல் நாடாளுமன்றம் தேசிய அளவில் சட்டம் கொண்டுவந்தபோது மகாராஷ்டிராவைப் பார்த்துத்தான் செய்தது, ஆனால் ஒரு குடும்பத்துக்கு 100 நாள் என்று கோடு போட்டுவிட்டது.

எனக்கு உறுத்துகிற இடம் 1988. அந்த வருடம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஒட்டித் திட்டத்தின் கூலி இரட்டிப்பானது. நல்லதுதானே? ஆனால் அதன்பிறகு வேலைகளைத் திறப்பதில் கை சுருங்கிவிட்டது. கேட்டவருக்கு வேலை என்பது, திறந்திருக்கும் வேலைக்குக் கேட்டுக்கொள் என்றானது. இதில் வேடிக்கை, தொழில்வரியின் உச்சவரம்பு 250-லிருந்து 2,500 ஆக உயர்ந்ததும் அதே 1988-ல்தான். வங்கியில் ஒரு காரியத்துக்கென்று வாங்கிய கடனை அந்தக் காரியத்துக்குச் செலவழிக்காவிட்டால் நாங்கள் நோட்டீஸ் அனுப்புவோம். இங்கே நோட்டீஸ் அனுப்ப வேண்டியவர் கல் உடைக்கிறவர். அவர் எங்கே போய் அனுப்புவார்?

காகாவிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேஜை டிராயரிலிருந்து தன் சம்பளப் பட்டியலை எடுத்துக் காட்டினார். அதிலும் 300.