பனஞ்சாறு யாருக்குச் சொந்தம்?

ஸ்பெயின் நாட்டின் மரபுவழி மதுவகைகளைப் பற்றி அண்மையில் வாசிக்க நேர்ந்தது. கலீசியாப் பகுதிக் குடியானவர்கள், வைனுக்காகப் பிழிந்தெடுத்த திராட்சையின் சக்கையையும் வீணாக்காமல், செப்புக் கலத்திலிட்டுக் காய்ச்சி 'ஒரூஹோ' என்னும் சாராயத்தை வடிக்கின்றனர். இத்தகைய வடிநீர்களுக்கு அங்கு வழங்கும் பொதுப்பெயர் 'எரியும் நீர்' என்று பொருள்படும். இன்று அந்தச் சாராயம் தன் மண்ணின் பெயரைப் பெருமையோடு தாங்கி விற்பனையாகிறது. இதை வாசித்தபோது என் எண்ணம் நமது பனஞ்சாராயத்தை நோக்கித் திரும்பியது.

யாழ்ப்பாணத்தில் கள் விற்குமிடத்தைத் 'தவறணை' என்கிறோம். இது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஸ்பானியரிடம் அதுவே 'தபேர்னா'. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த வேளை, போர்த்துக்கலின் முடியையும் ஸ்பானிய மன்னரே சூடியிருந்தார். சொல் கடல் கடந்து வந்தது. கள்ளோ அதற்கு மிக முந்தியது. பனங்கள்ளைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம்.

தளநாரைக் காலில் மாட்டி மரமேறிப் பாளையைச் சீவி முட்டி கட்டுவது நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது இனிப்பான கருப்பநீர்; தடவாவிடில் தானே நொதித்துக் கள்ளாகிவிடும். கள் நெடுநேரம் தாங்காது, புளித்துப்போகும். ஆகவே அன்றன்றே விற்றாக வேண்டும். அல்லது காய்ச்சி வடித்துச் சாராயமாக்க வேண்டும். மரமேறியவனின் பலவீனம் இங்கேதான் இருந்தது. வடிகலமும் உரிமமும் அவன் கையில் இல்லை.

மதுவின் வருமானத்தில் ஆட்சியாளர் எப்போதும் கண்வைத்திருந்தனர். ஆங்கிலேயர் 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தால் பிடியை இறுக்கினர். குத்தகை எடுத்த செல்வந்தர் இலாபம் கண்டனர். சீவல் தொழிலாளருக்குக் கிடைத்தது சொற்பக் கூலியும் சாதி இழிவும். அவர்கள் இறக்கிய கள்ளைப் பிளாவில் ஏந்திக் குடித்தவர்களே, அவர்களைக் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் நுழையவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அந்த அநீதிக்கு எதிரானவை.

பொருளாதாரத் துறையில் திருப்பம் 1972இல் வந்தது. சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைந்தனர். தனியார் குத்தகையில் இருந்த தவறணைகள் சங்கங்களின் பொறுப்புக்கு வந்தன. கள்ளைப் போத்தலில் அடைத்துப் பாதுகாக்கும் முயற்சியும் பிறந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை எழுந்தபோது, மரமேறியவர்களின் சங்கங்களே சாராயம் வடிக்கும் நிலை உருவாயிற்று. தலைமுறைகளாக எட்டாதிருந்த வடிகலம் கைக்கு எட்டியது. ஆயினும் அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. போர் வடிசாலையைச் சிதைத்தது. பெருந்தொகையான பனைகள் எறிகணைக்கும் பதுங்குகுழிகளின் தேவைக்கும் இரையாயின.

மதுவின் தீமையை நான் மறுக்கவில்லை. குடியால் குலைந்த குடும்பங்களைப் பத்திரிகைப் பணியில் நிறையவே கண்டிருக்கிறேன். எனினும், பனஞ்சாராயத்தைப் பிறநாட்டுச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்று பேசுவோரிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. போத்தலின் மேல் யாழ்ப்பாணத்தின் பெயர் இருக்கும். அதன் ஆதாயத்தில், உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுபவனின் பங்கு எவ்வளவு? 1972இல் கிடைத்த விடையை நாம் கைவிடலாகாது.