ட்ரோன் பைலட் தொழில் (வில்லியனூர், பாகூர்)

வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரி பகுதியின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளில் இரண்டு. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும். பாகூர்ப் பக்கம் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து சேரும் பாகூர் ஏரி. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டத்திலும் நெல் விளையும் இந்த ஊர்களில் ட்ரோன் பைலட் நம்பிப் பிழைக்கக்கூடிய வேலை, வயலுக்கு மருந்து அடிப்பது. திருமண, திருவிழாப் படப்பிடிப்பு துணை வருமானம்.

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் இத்தொழிலுக்கு அடிப்படை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற, 18 வயது நிறைந்தவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் தேறினால் 10 ஆண்டு செல்லும் சான்றிதழ் கிடைக்கும். சென்னை குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழக மையம் இத்தகைய பயிற்சி தருகிறது. சான்றிதழ் எடை வகைக்கு உரியது: 2 முதல் 25 கிலோ வரை சிறிய வகை, அதற்கு மேல் 150 கிலோ வரை நடுத்தர வகை. பெரிய தொட்டியுள்ள ட்ரோனுக்கு மாற நினைப்பவர் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறக்கவிடக் கற்பது எளிது. மருந்து அடிக்கக் கற்பதே கடினம். முதுகில் சுமக்கும் தெளிப்பானில் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் கரைசல் செலவாகும். ட்ரோனில் சுமார் 10 லிட்டர்தான். அவ்வளவு அடர்த்தியான கரைசல் காற்றில் விலகினால் பக்கத்துக் கீரைப்பாத்தி கருகும், மீன்குட்டையில் விழும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால் அதன் கரையோரத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. காற்று அடங்கிய காலையும் மாலையுமே வேலை நேரம். வரப்புத் தென்னை, பனை, மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி ஆகியவற்றை நடந்து பார்த்த பிறகே ட்ரோனை எழுப்ப வேண்டும். புகையானா இலைச்சுருட்டுப் புழுவா என்று அடையாளம் காணத் தெரிந்த பைலட்டை விவசாயி மறுபடியும் அழைப்பார். குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு ஆலோசனை கேட்கலாம்.

வில்லியனூர் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்தில் 200 அடி வரை முன் அனுமதி வேண்டாம். அந்த வளையத்தில் விழும் வயல்களில் மருந்தடிப்புக்கு இது தடையில்லை, 200 அடிக்கு மேலிருந்து படம் எடுப்பவருக்கு அனுமதி வேண்டும். பாகூர் இந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. ஆயினும் எங்கும், ட்ரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை அன்றன்று பார்ப்பதே முறை. புதுச்சேரி நிலம் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு துண்டுதுண்டாகப் பின்னிக் கிடப்பதால், அடுத்த வயல் தமிழ்நாடாக இருக்கும். மானியமும் அலுவலகமும் அங்கே வேறு.

முதலீடுதான் பெரிய சுமை. 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'நமோ ட்ரோன் தீதி' திட்டம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 சதவீதத்தை, 8 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, மானியமாகத் தருகிறது. பயிற்சி 15 நாள். 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோனுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதம். குடியிருப்பு மனைகளை ட்ரோனால் அளந்த ஸ்வாமித்வா திட்டம் புதுச்சேரியில் முடிந்துவிட்டதால், அளவைப் பணியை நம்பி மட்டும் ட்ரோன் வாங்குவது சரியான கணக்கு அல்ல.

சிறு வயல்கள் சிதறிக் கிடந்தால் பறக்கும் நேரத்தைவிட வண்டியில் அலையும் நேரமே கூடும். ஏரிப் பாசனத்தில் ஒரே மதகின் கீழுள்ள வயல்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நடவாகின்றன. பூச்சியும் சேர்ந்தே வருகிறது. எனவே தனித்தனி விவசாயிகளைத் தேடுவதைவிட, நடவின்போதே மதகு வாரியாகப் பேசி வைக்கும் பைலட்டுக்குத் தொடர்ச்சியாகப் பல ஏக்கர் கிடைக்கும்.