ஐரோப்பாவின் மறுமலர்ச்சியும் கிறிஸ்தவத்தின் பிளவும்: நாம் அறிய வேண்டியவை

நம் ஊர்களில் ஆர்.சி. கோயில் என்றும் சி.எஸ்.ஐ. கோயில் என்றும் தனித்தனியே இருப்பதைப் பார்க்கிறோம். வேதம் ஒன்றுதானே, ஏன் இரண்டு கோயில்கள் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பள்ளிப் பாடத்தில் மறுமலர்ச்சி, மதச் சீர்திருத்தம் என்று படித்துவிட்டு வந்தும் கேட்கிறார்கள். பெற்றோர் சரியான விடை சொல்வதற்கு உதவியாக அந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

மறுமலர்ச்சி எப்படி வந்தது?

மறுமலர்ச்சி முழுவதும் முஸ்லிம்கள் கொடுத்ததே என்று நம்மவர்கள் சிலர் மேடையில் பேசுகிறார்கள். பாடநூல்களிலோ முஸ்லிம்களின் பங்கு ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் அரபு நூல்கள் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டன. கிரெமோனா ஊரைச் சேர்ந்த ஜெரார்டு (மறைவு 1187) என்பவர் மட்டும் சுமார் 70 நூல்களை மொழிபெயர்த்தார். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலான அல்கானூன் அவற்றில் ஒன்று. அரிஸ்டாட்டிலுக்கு குர்துபாவின் இப்னு ருஷ்து (1126–1198) எழுதிய விளக்கவுரைகளை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடமாகவே படித்தன. அறிவுக்கான அடித்தளம் இப்படித்தான் விழுந்தது.

ஆனால் 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுந்த மறுமலர்ச்சி, பழைய ரோம, கிரேக்க மூலநூல்களை நேரடியாகத் தேடிப் போனது. அதன் முன்னோடியான பெட்ரார்க் (1304–1374) அரபு மருத்துவர்களை இகழ்ந்தே எழுதியவர். ஹிஜ்ரி 857 (கி.பி. 1453) இல் சுல்தான் முஹம்மது அல்ஃபாத்திஹ் கான்ஸ்டான்டிநோபிளை வென்றதும் கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடியதால்தான் மறுமலர்ச்சி பிறந்தது என்பதும் முழு உண்மையல்ல. அதற்கு 56 ஆண்டுகளுக்கு முன், 1397 இலேயே, மானுவேல் கிரிசோலோராஸ் என்ற கிரேக்க அறிஞர் புளோரன்ஸ் நகரில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்.

மூலத்தைத் தேடும் இந்தப் பழக்கம் திருச்சபையையும் தொட்டது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குலக ஆட்சியைப் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆவணம் இருந்தது. அதன் லத்தீன் நடை பிற்காலத்தது என்று காட்டி, 1440 இல் லோரென்சோ வல்லா அது போலி என நிறுவினார். இட்டுக்கட்டப்பட்ட செய்திகளை ஹதீஸ் கலை அறிஞர்கள் பிரித்துக் காட்டியதை அறிந்த நமக்கு இந்த முறை புதிதல்ல. 1516 இல் எராஸ்மஸ் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார்.

1517 இல் நடந்தது என்ன?

ரோமில் புனித பேதுரு பேராலயம் புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. அப்போதைய போப் பத்தாம் லியோ, மறுமலர்ச்சிக் கலைஞர்களை ஆதரித்த மெடிசி குடும்பத்துப் பிள்ளை. கட்டுமானச் செலவுக்காக ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மறுமையில் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அனுபவிக்க வேண்டிய தண்டனையை அது குறைக்கும் என்பதே திருச்சபையின் கொள்கை. விற்றவர்களோ பணம் கொடுத்தால் போதும் என்பது போலப் பேசினார்கள். வசூலில் பாதி ரோமுக்குப் போனது. மறு பாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுக்கர் வட்டிக்கடைக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கப் போனது.

விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரும் துறவியுமான மார்ட்டின் லூதர் இதை எதிர்த்து 95 வாதங்களை எழுதி, 31.10.1517 அன்று அந்தப் பேராயருக்கே அனுப்பினார். அச்சு இயந்திரம் அவற்றைச் சில வாரங்களில் ஜெர்மனி எங்கும் கொண்டு சேர்த்தது. வேதமே இறுதி ஆதாரம், விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்று அவர் வாதிட்டார். 1521 இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1534 இல் முழு பைபிளையும் ஜெர்மன் மொழியில் கொடுத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, தம் மணவிலக்கைப் போப் ஏற்காததால், தம்மையே தம் நாட்டுத் திருச்சபைக்குத் தலைவராக்கிக் கொண்டார்.

லூதர் இஸ்லாத்தின் பக்கம் சாய்ந்தாரா?

சிலர் அப்படிப் பேசுகிறார்கள். அது தவறு. அவர் திரித்துவத்தைக் கைவிடவில்லை. 1543 இல் பாசெல் நகரில் குர்ஆனின் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சாக அவர் துணை நின்றார். மறுப்பதற்காகவாவது அதைக் கிறிஸ்தவர்கள் படிக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். திரித்துவத்தை மறுத்த மிகேல் செர்வெட்டஸை, சீர்திருத்தவாதிகளின் ஊரான ஜெனீவாவிலேயே 1553 இல் உயிரோடு எரித்தார்கள். நுரையீரல் வழியே இரத்தம் சுற்றுவதை எழுதியவர் அவர். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே இப்னுந் நஃபீஸ் அதை விவரித்திருந்தார்.

உஸ்மானியர்களின் பங்கு மறைமுகமானது. 1529 இல் சுல்தான் சுலைமானின் படை வியன்னாவை முற்றுகையிட்டது. துருக்கியருக்கு எதிராகப் படை வேண்டியிருந்ததால், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1532 இல் லூதர் தரப்போடு சமாதானம் செய்துகொண்டார். புதிய இயக்கம் வேரூன்ற அவகாசம் கிடைத்தது.

சிந்திய இரத்தம்

வேதத்துக்குத் திரும்புவோம் என்று புறப்பட்டவர்கள் தங்களுக்குள்ளும் பிரிந்தார்கள். 1572 ஆகஸ்டில் பாரிஸில் தொடங்கிய படுகொலையில் சீர்திருத்தத் தரப்பினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் பல லட்சம் மக்கள் மாண்டார்கள். அதன் பிறகே வெஸ்ட்பேலியா உடன்படிக்கை கையெழுத்தானது.

கத்தோலிக்கத் தரப்பு தன்னைச் சீர்செய்துகொள்ள டிரென்ட் சங்கத்தைக் (1545–1563) கூட்டியது. 1540 இல் அங்கீகாரம் பெற்ற இயேசு சபையின் பிரான்சிஸ் சேவியர் 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். லூதர் மரபைச் சேர்ந்த சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கினார். இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தோரும் வேறு சில சபைகளும் 1947 இல் இணைந்து உருவானதே சி.எஸ்.ஐ. பிள்ளைகளின் கேள்விக்கு விடை இதுதான்.

நமக்கு இதில் என்ன?

இஸ்லாத்துக்கும் ஒரு லூதர் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நமக்குப் போப் இல்லை. தவ்பா செய்ய இடையில் ஆள் இல்லை. ஆகவே அந்த ஒப்பீடு பொருந்தாது. அதற்காக நமக்குப் படிப்பினையே இல்லை என்று இருந்துவிட முடியாது. இஸ்தான்புல்லில் முஸ்லிம்கள் நடத்திய முதல் அச்சகத்தின் முதல் நூல் 1729 இல்தான் வெளிவந்தது. குட்டன்பர்க் பைபிளுக்குப் பின் 270 ஆண்டுகளுக்கும் மேல்! அந்த இழப்பு நம்முடையது.

மார்க்கத்தின் பெயரால் காசு பார்ப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். கருத்து வேறுபாட்டுக்காக ஒருவர் பின்னால் ஒருவர் தொழ மறுப்பதும், ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் போவதும், ஒரே தெருவில் போட்டிக்கு இன்னொரு பள்ளிவாசல் எழுப்புவதும் நம் மஹல்லாக்களில் நடக்கின்றன. ஐரோப்பாவின் பிளவும் வார்த்தைகளில்தான் தொடங்கியது. கிறிஸ்தவ அண்டை வீட்டாரைக் குத்திக் காட்ட இந்த வரலாற்றை எடுக்க வேண்டாம். நம்மைத் திருத்திக்கொள்ளப் படிப்போம். வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.